குடும்பச் சந்தா

என்னங்க, சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

என் மொழிபெயர்ப்பைக் கொடுக்கப் பதிப்பகத்துக்குப் போகிறேன். புத்தகம் முழுவதையும் இலவச ஆபீஸ் மென்பொருளில்தான் தட்டச்சு செய்தேன். ஓர் எழுத்தும் உதிரவில்லை. நீங்கள் காசு கட்டி வாங்கிய ஆபீஸ் மென்பொருளில் இதுவரை நீங்கள் எழுதியது, தண்ணீர் சொட்டுவதாக மாடிவீட்டுக்காரருக்கு ஒரு புகார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அது போகட்டும். அதன் குடும்பச் சந்தாவில் ஆறு பேர் சேரலாமாம். உங்கள் தங்கை, அவள் கணவர், உங்கள் ஆபீஸ் நண்பர் வரை சேர்த்தீர்கள். நேற்று அத்தனை பேர் முன்னால், "இவளுக்கு எதுக்கு? இவ தட்டுறதுக்கு ஓசியே போதும்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பால் பொங்கிவிட்டது, அடுப்பைத் துடைக்கவில்லை. நீங்கள் துடையுங்கள்.

இன்னொன்று: உங்கள் தங்கை போன் செய்தாள். "அண்ணி, உங்கள மாதிரி நானும் அந்த ஓசி சாஃப்ட்வேர்லதான் ஓட்டறேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம்" என்றாள். சொல்லிவிட்டேன்.

அவள் இடத்தை எனக்குத் தர வேண்டாம். வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நான் சொல்வதற்குக்கூட நீங்கள் இடம் வைக்கவில்லை.