வெளியே கூட்டிச் செல்லத்தக்க தோற்றம்

மே 9

பெண்டாட்டி ஓக்பூனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். நாளை மறுநாள் விசாரணைக்கு ஒரு ஆள் வருகிறாராம். "வழக்கமா நடக்கறதுதான் ஐயா, பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். நான் ஏன் பயப்பட வேண்டும்? இந்த யோங்தோ மலைச் சரிவில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான்.

அவள் மறதி நோய்க்கு டாக்டர் 'மூன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாபகம், நாள் கிழமை, குளியல், சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துப் போடுகிற மதிப்பெண் அது. ஒன்று என்றால் லேசு. இரண்டு நடுத்தரம். மூன்று முற்றியது. அவள் பாலிசியில் மூன்றுக்குத்தான் பணம், மாதாமாதம், அவள் இருக்கும்வரை. இரண்டுக்கு ஒன்றும் கிடையாது.

பணம் வந்தால் பகல் முழுக்க ஒரு ஆள் வைக்கலாம். இப்போது அரசாங்கம் அனுப்பும் பெண் காலையில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறாள். மிச்சத்துக்கு நானும் என் முழங்காலும்தான். பணம் வராவிட்டால் குளிர்காலத்துக்கு முன் அம்மாவை உல்சானில் முதியோர் மருத்துவமனையில் சேர்த்துவிடுவதாக மகன் கீத்தே சொல்லிவிட்டான். அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். அறைக்கு ஆறு கட்டில். ஆறு பேரும் கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். ஓக்பூனை அங்கே விடமாட்டேன். விடமாட்டேன், அவ்வளவுதான்.

பாலிசி அவளாக எடுத்தது. சந்தையில் மீன் கேக் பொரித்து விற்ற காசில், எனக்குத் தெரியாமல், தெருவுக்கே இன்சூரன்ஸ் விற்கிற மால்ஜாவிடம். அப்போது தெரிந்திருந்தால் திட்டியிருப்பேன்.

மே 11

வந்தான். மின் என்று பெயர். நம் கீத்தேயைவிடச் சின்னவன், பளபளவென்று ஷூ.

உள்ளே வந்ததும் ஓக்பூன் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள். அவளிடம் தப்பாமல் மிஞ்சியிருக்கும் வாக்கியம் அதுதான். வேற்றாள் யாரைப் பார்த்தாலும் வரும். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவனையும் கேட்டாள். என்னை மட்டும் கேட்பதில்லை, எனக்கு வேறு: "வாய்யா, சோறு ஆறுது." அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும்.

"சாப்பிட்டேன்மா" என்றான். எதையோ எழுதினான்.

"டிவியில செய்தி வாசிக்கிறவனையும் அப்படித்தான் கேப்பா, அதையும் எழுதிக்கோ" என்றேன். எழுதினானா என்று தெரியவில்லை.

பகலில் அவள் எங்கே இருப்பாள் என்று கேட்டான். மறைக்க என்ன இருக்கிறது? மத்தியானச் சாப்பாடு ஆனதும் முகம் கழுவி, சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, கையைப் பிடித்துப் படி இறக்கி, கீழே இருக்கும் முதியோர் மன்றத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கே பெண்கள் போர்வையை மடித்துப் போட்டு ஹ்வாத்து சீட்டு ஆடுவார்கள். நானும் வருகிறேன் என்றான். வா என்றேன். முட்டாள் நான்.

அங்கே நடப்பது இதுதான். காய்கறிக் கடை தொக்சூன், ஓக்பூனை ஒட்டி உட்கார்ந்து அவள் சீட்டையும் தன் சீட்டையும் சேர்த்துப் பார்ப்பாள். எதைப் போட வேண்டுமோ அதை விரலால் தட்டிக் காட்டுவாள். ஓக்பூன் எடுத்து 'பட்' என்று அறைவாள். அந்த மணிக்கட்டுக்கு மட்டும் இன்னும் எல்லாம் தெரியும். புள்ளி சேர்ந்ததும் 'ஸ்டாப்' சொல்லி ஆட்டத்தை முடிக்கலாம், அல்லது 'கோ' சொல்லி இன்னும் ஆடலாம். ஓக்பூன் அந்தக் காலத்திலிருந்தே கோதான். பேராசைக்காரி. தொக்சூன் இடுப்பில் இடித்தால் இப்போதும் "கோ!" என்று கத்துவாள்.

அந்த மின் அத்தனை பேர் நடுவில், அவள் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "இந்த அம்மாவுக்கு மறதி ரொம்ப அதிகமோ?"

"யாருக்கு, இவளுக்கா?" என்றாள் தொக்சூன். "நேத்து மூணு ஆட்டத்துல என் தோலை உரிச்சுட்டாய்யா! இவளுக்கு மறதின்னா எனக்கு என்னன்னு சொல்லுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் மால்ஜா இருந்தாள். பாலிசியை விற்றவள். அவளுக்காவது தெரிய வேண்டாமா? போர்வையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

ஓக்பூன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மே 12

மால்ஜா மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மே 26

கடிதம் வந்துவிட்டது. மறுப்பு. டாக்டர் கொடுத்த மூன்றை அவர்கள் ஏற்கவில்லையாம். இரண்டாகத்தான் இருக்கும் என்று 'கருதுகிறார்களாம்'. காரணம் கீழே: விருந்தினரை வரவேற்கிறார், சீட்டாட்டத்தில் பங்கேற்கிறார். அதற்கும் கீழே, ஒப்பந்தத்திலிருந்து எடுத்த வரி. இரண்டாம் நிலை: 'வீட்டுக்கு வெளியே நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிச் செல்லத்தக்க தோற்றம் உடையவர்.' மூன்றாம் நிலை: 'கூட்டிச் செல்ல முடியாத அளவுக்கு நோயுற்றவராகத் தோன்றுபவர்.'

நாலு தடவை படித்தேன். தோற்றம்!

அந்தத் தோற்றத்தை யார் கொடுத்தது? நான். தலை வாரினவன் நான், பல் தேய்த்துவிட்டவன் நான், ஸ்வெட்டர் பொத்தானைச் சரியாகப் போட்டவன் நான். அப்படியென்றால் சிக்குப் பிடித்த தலையோடு, நாற்றம் பிடித்த சட்டையோடு, மூலையில் போட்டு வைத்திருந்தால் கொடுத்திருப்பீர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதற்கு அபராதமா? எந்த ஊர் நியாயம் இது? அந்த வரியை எழுதினவன் தன் பெண்டாட்டிக்கு ஒரு நாளாவது காலுறை மாட்டிவிட்டிருப்பானா?

அந்த நோய் என்றால் என்னவென்று பாலிசிப் புத்தகத்தில் ஏழு பக்கம் இருக்கிறது. ஏழு பக்கத்தில் ஓக்பூன் ஒரு வரியில்கூட இல்லை.

மே 27

மன்றத்துக்குப் போய்க் கத்திவிட்டேன். ஓக்பூனை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான்.

"உன் வாய்க்கொழுப்பால அவளை உல்சானுக்கு அனுப்பப் போறாங்க! தோலை உரிச்சாளாம் தோலை!"

தொக்சூன் முதலில் எதிர்த்துத்தான் கத்தினாள். "அவன் யாருன்னே எனக்குத் தெரியாதே கீத்தே அப்பா! எவனோ கோட்டு போட்டவன் வந்து மறதியான்னு கேக்கறான். ஆமான்னா பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு நினைச்சேன். போன வருஷம் பின் தெரு அம்மாவை அப்படித்தானே கொண்டு போனாங்க?"

மால்ஜாவிடம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமில்ல? விக்கும்போது மட்டும் வாய் கிழியுமே?"

"தெரியும்" என்றாள். "அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ எதிர்ல எப்படிச் சொல்லச் சொல்றீங்க? நீங்க சொல்லுவீங்களா?"

செருப்பை மாட்டினேன். வெளியே வந்தால் ஓக்பூன் பெஞ்சில் இல்லை. உயிரே போய்விட்டது. படிக்கட்டுத் திருப்பத்தில், யார் வீட்டுக் கதவையோ திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 4

கீத்தே வந்தான். மறுபரிசோதனை கேட்டுக் கம்பெனிக்கு எழுதியாயிற்று. தொண்ணூறு நாள் கழித்து, அவர்கள் சொல்கிற பெரிய மருத்துவமனையில்.

"அதுவரைக்கும் அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போகாதீங்கப்பா. மறுபடி யாராவது வந்து பாத்தா வேலை கெட்டுப்போகும். மூணு மாசம்தானே?"

"அவ என்ன திருடியா, வீட்டுக்குள்ள அடைச்சு வைக்க?"

"அப்ப உல்சானுக்கு அனுப்புங்க. அங்கயும் அடைச்சுத்தான் வைப்பாங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவனை அடிக்கக் கை வந்தது. அவன் சொன்னதில் தப்பு இல்லை, அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஜூன் 5

மத்தியானம் சாப்பிட்டதும் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஷூ கால் மாறிப் போட்டிருந்தாள். மழை பெய்கிறது என்று பொய் சொன்னேன். வெயில் அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 6

நின்றாள்.

ஜூன் 13

இன்று கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "உனக்காகத்தான்டி! உனக்காகத்தான் சனியனே!" என்று கத்தினேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அடிப்பேன் என்று பயந்துவிட்டாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவளை ஒரு அடி அடித்ததில்லை நான்.

அந்த வரியை எழுதினவனைக் கூட்டிவந்து இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு மத்தியானம் உட்கார வைக்க வேண்டும். ஒரே ஒரு மத்தியானம்.

ஜூன் 19

கதவு இடிபடும் சத்தம். தொக்சூன், மால்ஜா, இன்னும் இரண்டு பேர். படியேறி வந்ததில் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. தொக்சூன் தலைமேல் மன்றத்துப் போர்வை.

"நகருங்க" என்றாள்.

"போயிடு. நான் கூப்பிடல."

"அவ வெளிய போகக் கூடாதுன்னுதானே போட்டிருக்கான்? நாங்க உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்கானா?" மால்ஜாவைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுடி."

"இல்ல" என்றாள் மால்ஜா. "முழுசாப் படிச்சுட்டேன். இருபது வருஷமா விக்கறேன், இப்பத்தான் முழுசாப் படிச்சேன், கர்மம்."

நகர்ந்தேன். போர்வையைப் பார்த்ததும் ஓக்பூன் ஓடிவந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஓடினாள்! அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஜூலை 10

தினமும் வருகிறார்கள். என் வீடு சந்தைக் கடையாகிவிட்டது. சிந்துவதும் சிரிப்பதும் சண்டையும். தொக்சூன் என் முட்டைக்கோஸ் ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு, "இதைத் தின்னுதான் அவளுக்கு மண்டை குழம்பிச்சு" என்கிறாள். வாயாடி. மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தாள்.

ஜூலை 30

தொக்சூன் இடித்தாள். ஓக்பூன் கோ சொல்லவில்லை. திரும்பி இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16

தாங்க முடியாத வெக்கை. ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியவில்லை அவளுக்கு, ஊட்டுகிறேன். சீட்டைக் கொடுத்தால் மடியில் வைத்து நீவிவிடுகிறாள், துணி மடிக்கிற மாதிரி. தொக்சூனே அவளுக்காக எடுத்து அறைந்து, "ஜெயிச்சுட்டாடி, பாருங்கடி, மறுபடி ஜெயிச்சுட்டா!" என்று கத்துகிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போகாததாலா? போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா? யாரைக் கேட்பது?

செப்டம்பர் 8

பெரிய மருத்துவமனை. ஓக்பூனைச் சோதித்து முடித்ததும் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஓக்பூனோடு வெளியே தொக்சூன் இருந்தாள். டாக்டர் ஒரு பெண், அவசரப்படாதவள். எல்லாம் சொன்னேன். கடைசியில், "வீட்டுக்கு வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தான் கீத்தே. வழியெல்லாம் அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"கூட்டிட்டுப் போனேன்! தினம் கூட்டிட்டுப் போனேன். பணம் தரமாட்டோம்னாங்க, நிறுத்திட்டேன். நாளைக்கே கூட்டிட்டுப் போவேன். என் கால் இருக்கிற வரைக்கும் கூட்டிட்டுப் போவேன். என் பொண்டாட்டிக்குத் தலை வாரிவிடறது குத்தம்னா இரண்டுன்னே எழுதிக்குங்க!"

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "ஐயா, நீங்க வெளிய கூட்டிட்டுப் போனாலும் போகாட்டியும் இது மூணுதான். இப்ப மட்டுமில்ல. ஏப்ரல்ல உங்க டாக்டர் எடுத்த சோதனையும் பாத்தேன். அப்பவே மூணுதான்."

அப்பவே.

அப்படியானால் இந்தக் கோடை முழுக்க அவளைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி வைத்தது எதற்கு?

செப்டம்பர் 26

கம்பெனியிலிருந்து போன். அதே பெண் குரல். "மூன்றாம் நிலைன்னு உறுதியாயிடுச்சு ஐயா. வாழ்த்துகள்!"

"எதுக்கும்மா வாழ்த்து?" என்று கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டாள். சின்னப் பெண், எழுதி வைத்ததைப் படித்திருப்பாள். அவளைத் திட்ட வரவில்லை. போனைத் தரையில் எறிந்தேன், உடையக்கூட இல்லை.

அக்டோபர் 4

நாளையிலிருந்து பகல் முழுக்க ஒரு பெண் வருகிறாள். கீத்தே உல்சான் பேச்சை எடுக்கவில்லை. ஓக்பூன் இங்கேயே இருப்பாள்.

அறுவடைப் பண்டிகை முடிந்து இன்றுதான் மன்றம் திறந்தார்கள். முகம் கழுவினேன், தலை வாரினேன், சிவப்பு ஸ்வெட்டர். வேண்டுமென்றே கொஞ்சம் உதட்டுச் சாயமும் போட்டுவிட்டேன். வரட்டும், எவன் வந்து எழுதுகிறான் என்று பார்ப்போம். படி இறங்க முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தொக்சூன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். சீட்டைப் பங்கு போட்டார்கள். ஓக்பூன் தன் பங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தொக்சூன் பக்கம் சாய்ந்து, "இவரு வீட்டுக்குப் போகலியா?" என்றாள். "வீட்ல தேடுவாங்களே."

மால்ஜா தலையைக் குனிந்துகொண்டாள். தொக்சூன் மட்டும் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தேட மாட்டாங்க. அவர் பொண்டாட்டி சீட்டாடப் போயிருக்கா."

"அப்படியா, பாவம்" என்றாள் ஓக்பூன்.

நடுவில் தட்டில் பண்டிகைக் கொழுக்கட்டை மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்தாள். எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, என்னிடம் வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

இல்லம்மா என்றேன். வாங்கிச் சாப்பிட்டேன்.