ஐந்து சுற்று

மார்ச் 7, வியாழன்

முன்பொரு நாள் என் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே டீச்சர், வேறன்னு எப்படிச் சொல்றீங்க?" மேசையில் இரண்டு தவளைகள் இருந்தன. இன்று அதே கேள்வி கடிதமாக வந்திருக்கிறது, அவளிடமிருந்த மரியாதை இல்லாமல்.

தமுவத்தா மீனின் செவுளில் நான் கண்ட புழு புதிய இனம் என்று எழுதிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. பெயர் சொல்லாத மதிப்பீட்டாளரின் வாதம்: இது ஏற்கெனவே பெயரிட்ட புழுதான், மேலே கண்ணாடித் தகட்டை அழுத்தி வைத்ததால், செவுளைப் பற்றும் அதன் கொக்கிகள் விரிந்து வேறாகத் தெரிகின்றன. கடைசி வரி: 'ஆய்வகம் இல்லாதவர்கள் இதில் இறங்காதிருப்பது நல்லது.'

பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட நுண்ணோக்கி, என் சமையல் மேசை. புழுவுக்கு முகவரி தெரியுமா என்ன?

மார்ச் 9

பெலேம் நகர மீன் சந்தை. ஐஸில் வரும் மீனில் புழு உதிர்ந்துவிடும். தமுவத்தா மட்டும் கூடையில் உயிரோடு வரும். விற்கிற தெவுசரினா என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு மீனா, புழுவா டீச்சர்?"

"இரண்டும்."

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. கூட்டம் ஓடிரும்."

"உன் பெயரை அதற்கு வைக்கப் போகிறேன்."

"எனக்கெதுக்கு? என்னை விட்டு ஓடினவன் பேர வைங்க. ஒட்டிக்கிட்டு உறிஞ்சறதுல அவனும் அப்படித்தான்."

மார்ச் 12

இருபது புழு. பத்தை அழுத்தினேன், பத்தை அப்படியே விட்டேன். அழுத்திய பத்தில் கொக்கிகள் விரிந்திருக்கின்றன.

அந்த ஆள் சொன்னது சரி. கொக்கியைப் பற்றி நான் எழுதிய ஒன்றரைப் பக்கமும் தப்பு. ஏன் இதை முதலிலேயே செய்து பார்க்கல? பிள்ளைகள் இப்படி விட்டிருந்தா மார்க் போட்டிருப்பேனா?

மார்ச் 13

கொக்கி போனால் போகட்டும். புழு இருக்கிறது.

மார்ச் 16

படகுத்துறையில் சுருட்டி வைத்த கயிற்றை ஒருவன் மிதித்துக்கொண்டு போனான். சுருள் நசுங்கியது — ஆனால் சுற்று கூடவில்லை, குறையவில்லை.

வீட்டுக்கு ஓடாத குறை. புழுவின் ஆணுறுப்புக் குழல் கயிறு போலச் சுருண்டிருக்கும். பழைய இனத்தில் மூன்று சுற்று என்று அச்சிலேயே இருக்கிறது. என் இருபதிலும் ஐந்து. அழுத்தியதிலும் ஐந்து, அழுத்தாததிலும் ஐந்து.

மார்ச் 18

திரும்ப அனுப்பினேன். கொக்கிப் பகுதியை நானே அடித்துவிட்டு, தவறு என்று எழுதினேன். அதன் கீழே: 'எவ்வளவு அழுத்தினாலும் மூன்று ஐந்தாகாது. விரும்பினால் உங்கள் ஆய்வகத்தில் அழுத்திப் பாருங்கள்.' கடைசி வரியை நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை.

ஏப்ரல் 30

பதில் இல்லை. மழை.

ஜூன் 3

ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டாளர் இம்முறை ஒரே வரி: 'நானும் எண்ணினேன்.'

ஜூன் 8

தெவுசரினா கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"இதுதான் நானா?"

"நீதான்."

உதட்டை அசைத்து எண்ணினாள். "அஞ்சு. என் பேர இனி யாராவது எடுத்துற முடியுமா?"

"தவறென்று நிரூபித்தால் எடுக்கலாம். முதலில் எண்ண வேண்டும்."

"வரச் சொல்லுங்க அவங்கள," என்றாள், கண்ணை எடுக்காமலே.

இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் சரி: அடுத்த முறை உயிர் மீன் வாங்கினால், கழுவும் முன் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.