டேங்கில் தண்ணீர்

மார்ச் 4

சிவப்பு வண்டி மூன்றாவது முறையாக ஏரி நடுவில் நின்றுவிட்டது. வாட்டர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவனுக்கு இதைவிட மானக்கேடு வேறில்லை. அதில் ஒரு அப்பாவும் சின்ன மகளும். காற்று அவர்களைப் பாறைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. நீல வண்டியில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தேன். கரையேறிய பிறகும் குழந்தைக்கு நடுக்கம் நிற்கவில்லை.

"பாத்துத்தான் வண்டி குடுக்கறீங்களா?" என்றார் அப்பா.

பார்ப்பது என் மச்சினன். எட்டு வருடமாக அவன்தான் மெக்கானிக். "நேத்து நல்லாதான் இருந்துச்சு மாமா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மார்ச் 5

பேட்டரி சரி. பிளக் புதுசு. ஸ்டார்ட் செய்தால் இரண்டு முறை இருமுகிறது, பிடிக்கிறது, திணறி அணைகிறது. டேங்கின் அடியிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். பத்து நிமிஷத்தில் நடுவே ஒரு கோடு தெளிந்தது. கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

மூடி போட்ட டேங்குக்குள் தண்ணீர் தானாகவா போய் உட்காரும்?

பெட்ரோல் பங்கில் கலப்படமோ? இல்லை — அதே கேனிலிருந்து ஊற்றிய நீல வண்டி ஜம்மென்று ஓடுகிறது.

மார்ச் 7

டேங்கைக் காலி செய்து, காயவைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினேன். ஓடுகிறது.

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் அம்மா சொன்னார்: "உங்க மச்சினனை எதிர்க்கரைல பாத்தேனே. அந்த ஓனரோட சிரிச்சுப் பேசிட்டு நின்னான்."

எதிர்க்கரையில் வாட்டர் ஸ்கூட்டர் விடும் ஓனருக்கும் எனக்கும் ஆகாது. அங்கே இவனுக்கு என்ன வேலை? கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவான்.

மார்ச் 8

டேங்க் மூடியிலிருந்து பாடி வரை பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். யார் திறந்தாலும் கோடு விலகும்.

மார்ச் 11

கோடு விலகவில்லை. வண்டி நின்றுவிட்டது. பாட்டிலில் மறுபடி தண்ணீர்.

திறந்துவிட்டு, கோட்டுக்கு நேராகவே திருகி நிறுத்தியிருப்பான். கைதேர்ந்த வேலைக்காரன் ஆயிற்றே.

மார்ச் 12

கேட்டுவிட்டேன். வாயை அடக்கியிருக்கலாம்.

"டேங்க்ல எவ்ளோ தண்ணி ஊத்துன?"

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "என்ன மாமா கேக்கறீங்க?"

"எதிர்க்கரைக்காரன் சொல்லிக்குடுத்தானா?"

கையைத் துடைத்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். தப்பு செய்யாதவன் சண்டை போடமாட்டானா?

மனைவி சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தாள். "என் தம்பிங்கறதுக்காகச் சொல்லல. வண்டில சின்னதா சத்தம் மாறினாலே சோறு இறங்காதவன். அவனா?"

"அப்போ தண்ணி எப்படி வந்துச்சு?"

"அதைக் கண்டுபிடிச்சிட்டுல்ல அவன்கிட்ட கேட்டிருக்கணும்?"

மார்ச் 13

டேங்கைக் காலி செய்து மறுபடி புதுப் பெட்ரோல் ஊற்றினேன். ஷெட்டுக்குப் புதுப் பூட்டு. ஒரே சாவி, என் இடுப்பில்.

மார்ச் 17

ஐந்து நாளாக அவன் வரவில்லை. பூட்டு போட்டது போட்டபடி. டேங்கில் தண்ணீர்.

ஜன்னல் வழியாகவோ? என் தலைகூட நுழையாத ஜன்னல். ஆனாலும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பிக்குக் கம்பி சிலந்தி வலை, ஒரு இழை அறுபடவில்லை. இறங்கும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது.

மார்ச் 18

மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து, ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. நகம் பட்டால் உதிர்கிறது. நீல வண்டி புதுசு, அதன் வாஷர் இன்னும் மெத்தென்று இருக்கிறது.

சரி, வெடிப்புக்குள் தண்ணீர் விட்டது யார்? தினமும் சாயங்காலம் பாசி போக வேண்டுமென்று பிரஷர் பைப்பை அந்த மூடிமேலேயே பீய்ச்சுகிறவன் யார்?

நான். மச்சினன் கழுவினால் பளபளப்பு வராது என்று பைப்பைத் தொடக்கூட விட்டதில்லை.

வாஷரை மாற்றி, வேண்டுமென்றே பத்து நிமிஷம் பீய்ச்சினேன். டேங்கில் ஒரு சொட்டு இல்லை.

மார்ச் 19

எதிர்க்கரையில் அவன் வேலைக்கே சேர்ந்துவிட்டான். அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்மேலதான்டா."

"ஒண்ணு நிஜம் மாமா. வேலை கேட்டுத்தான் இங்க வந்துட்டுப் போனேன். உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல. ஆனா தண்ணி ஊத்துவேன்னு... எப்படி மாமா நெனச்சீங்க?"



"திரும்பி வந்துடு."

"இல்ல மாமா."

மார்ச் 26

மனைவி பேசுகிறாள். பால் தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது, அவ்வளவு.

ஏப்ரல் 9

மதியம் அவனிடமிருந்து போன். "இங்க ஒரு வண்டி ஸ்டார்ட்டே ஆகல மாமா. வந்து பாக்கறீங்களா?"

போனேன். ஓனர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "காலைல இவன் கை வெச்சான், அதோட போச்சு. என்ன பண்ணான்னு தெரியல." அவன் தலை குனிந்திருந்தான்.

"அவன் கை பட்டு எந்த வண்டியும் கெட்டதில்ல சார்" என்றேன். "அவனைச் சந்தேகப்பட்டு ஒரு நல்ல ஆளை இழந்தவன் சொல்றேன்."

ஓனர் விலகி வழிவிட்டார். நாங்கள் இருவரும் குனிந்தோம். சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் முனகவேண்டும். முனகல் இல்லை. நான் வயரைப் பிடித்துக்கொண்டு போக, அவன் ஃபியூஸைப் பிடுங்கினான். கருகியிருந்தது. மாற்றியதும் முதல் அழுத்தலிலேயே உறுமியது.

ஓட்டிப் பார்க்க ஓனர் கை நீட்டினார்.

"மாமா ஓட்டட்டும் சார்" என்றான் மச்சினன். எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஏரியின் நடுவரை போனோம். "இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்றான். முறுக்கினேன்.