தலையைப் பிடித்திருந்த ராணி

மதினி, இன்று காலை நான் இப்போது வேலை பார்க்கும் பாதிரியார் வீட்டு அலமாரியைத் துடைக்கத் திறந்தேன். அந்துருண்டையும் பழைய தோல் அட்டையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் அடித்த அதே வாடை.

அங்கே நாம் இருவரும் வேலை பார்த்த ஒரு மழைக்காலம். உங்கள் மகள் பாக்கியம் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காய்ச்சலில் கிடந்தவளை, வேலை வாங்கும் கங்காணி லயத்து வீட்டிலிருந்து எழுப்பிக் கொழுந்து கிள்ள மலைக்கு அனுப்பினார். தண்ணீர் கேட்டவளிடம், முதலில் உன் செடி நிரையை முடி என்றாராம். சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

துரைசாணியின் மேசையில் ஒரு புத்தகம் இருக்கும். அச்சு வருவதற்கு முன்னால் கையால் எழுதி வரைந்த ஏடுகளின் படங்கள் என்று அவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். ஒரு படத்தில் கிரீடம் வைத்த ராணி, ஒரு ராஜாவின் வெட்டுண்ட தலையை மயிரைப் பிடித்துத் தூக்கி, ரத்தம் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்துகிறாள். அந்த ராஜா அவள் பிள்ளையைக் கொன்றவனாம். அதன்பிறகு தூசி தட்டும் சாக்கில் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து நின்றீர்கள்.

"இவ அழவே இல்ல, பாத்தியாளா?" என்றீர்கள் ஒருநாள். உங்கள் முகமும் அந்தப் படத்து முகம்போலவே இருந்தது.

பிறகு கங்காணிக்கே காய்ச்சல் கண்டது. தொற்றிக்கொள்ளும் என்று அவர் வீட்டாரே விலகிப்போனார்கள். தண்ணீர் கேட்டு அவர் முனகுவது லயம் முழுக்கக் கேட்டது. நீங்கள் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். ஏதோ விபரீதம் என்று நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

அவர் தலைமயிரைப் பற்றித் தூக்கினீர்கள். செம்பை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினீர்கள்.

"எம் மவ பேரச் சொல்லும். சொல்லிட்டு ஒரு மடக்கு குடியும்."

குரல் உயரவேயில்லை. அவர் "பாக்கியம்" என்றார். ஒரு மடக்கு ஊற்றிவிட்டு மறுபடி செம்பை விலக்கினீர்கள். தண்ணீர் தீரும்வரை அப்படித்தான். காய்ச்சல் இறங்கும்வரை தினமும் போனீர்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பேரைச் சொல்லாமல் அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. காப்பிக் கடையிலும் மலையடிவாரத்துப் போடிச் சந்தையிலும் முதலில் உதடு முணுமுணுக்கும், பிறகுதான் குடிப்பார். சிரித்தவர்கள் காரணம் தெரிந்ததும் எழுந்து போனார்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்று கோலூன்றிக்கொண்டு அவரும் வந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குவளையை உதட்டருகே நிறுத்தினார். பாக்கியத்தின் பேரைச் சொன்னார். பிறகு உங்கள் பேரையும் சொல்லிவிட்டுக் குடித்தார்.

மன்னிப்புக் கேட்டாரா, பயந்து சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை மதினி. அவர் வாயில் உங்கள் பேரைக் கேட்டபோது முதுகில் ஏறிய குளிர் இன்னும் இறங்கவில்லை.