கிளிப் வாங்கும் கை

இன்று காலை பம்ப் பாகங்களைத் துடைக்கப் பழைய வேட்டித் துணியில் ஸ்பிரிட்டை ஊற்றியதும் அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். மூன்றாம் நம்பர் பம்ப் மறுபடியும் ஒழுகுகிறது. நம் உயிரை வாங்கிய பம்ப் என்று எழுத வந்தேன். உன்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

சுழலும் தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில், உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுக்கிற வேலைதான் சீலுக்கு. அதன் இரண்டு முகங்களும் கண்ணாடியாகப் பளபளத்து ஒட்டி நிற்க வேண்டும். விரல் பட்டாலே வீண். "பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கினு இருடா, தொடாத" என்பாய்.

மாட்டும்வரை சீல் அசையாமல் இருக்கச் சின்னக் கிளிப்புகள் பிடித்திருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒரு நாள் நான் கழற்றியிருப்பேன் என்று நீயும், நீ கழற்றியிருப்பாய் என்று நானும் நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டோம். கரகரவென்று ஒரு சத்தம். புது சீல் தூளாகிவிட்டது. வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு டீக்கடையில் நின்றபோது சட்டம் போட்டது நீதான். "இனிமே கழட்டறவன் மத்தவன் கையில குடுக்கணும். வாங்கனவன் எடுத்தாச்சுன்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்பறந்தான் சுவிட்சு." 'எடுத்தாச்சு' என்ற அந்த வார்த்தை உன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றும் வீங்கிய கன்னத்தோடு அதைத்தான் சொன்னாய்.

உன் ஊரான பனித்திட்டில் உன் அண்ணனின் படகைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்ததும் உன் மனைவி மலருக்கு ஒரு வேலை கேட்டு சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். பம்ப் ரூமைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. "உன் மூஞ்சிக்காகப் போட்டேன். நீ இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டவன்தான் நான்.

கடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். அங்கே இந்த வேலைக்குக் கூட இன்னும் ஆட்கள் உண்டு, தனியாகக் கிடந்து சாக வேண்டாம். இங்கே உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. என் ஊரான உறுவையாற்றில் பொங்கல் பானை பொங்கும் நேரத்திலும் போன் அடிக்கிறது. கேட்டுக்குள் வண்டியை விடும்போதே மூச்சு முட்டுகிறது. ஆனாலும் நான் போனால் மலர் வேலை போய்விடும். சில நாள் உன் மேல்தான் கோபம் வருகிறது. நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போதெல்லாம் வலது கையால் கழற்றி இடது கையில் கொடுத்து, எனக்கு நானே "எடுத்தாச்சு" என்கிறேன். ஆபரேட்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். இன்று கழற்றியபோது எதிரே ஒரு கை நீண்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மலர் நின்றிருந்தாள்.

"இப்பிடிக் குடுங்கண்ணா. அது தூக்கத்துலகூட இதத்தான் சொல்லிக்கினு கெடக்கும்."

வாங்கிக்கொண்டு, "எடுத்தாச்சு" என்றாள். தண்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பம்பை ஓட்டினேன். ஒரு சொட்டு இல்லை.

பம்ப் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "கடலூர்ல கூப்டாங்களாமே. எனக்காகவா இங்க கெடக்கறீங்க?"

"நான் போனா உன் வேலையும் போயிடும்மா."

"போனா போவுது. மீன் கூடை தூக்கத் தெரியாதவளா நானு? நீங்க கெளம்புங்கண்ணா."

கிளிப்புகளை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

வேலை முடிந்தும் கடலூருக்கு இன்னும் போன் போடவில்லை. அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். வெயிலில் கூடையைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வாசலாக அவள் நிற்பதுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. பையில் கிளிப்புகள் கனக்கின்றன. வாங்கியவன்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். இந்த முறை கழற்றிவிட்டவள் அவள், வாங்கியவன் நான். 'எடுத்தாச்சு' என்கிற அந்த ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறதடா.