வீட்டில் மட்டும் மௌனம்

1944 பிப்ரவரி 25, வெள்ளி

மூன்றாம் நாள். இன்றும் வாயைத் திறக்கவில்லை. காபி ஆறிப்போயிற்று என்பதைக்கூடச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 'அணில், ஆடு' எழுதுகிற சிலேட்டு அது. ஐம்பத்திரண்டு வயது அகஸ்டின், ஹார்பர் ஆபீஸ் ஹெட் கிளார்க், அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து எழுதினார்: 'பாஸ்கு வரை மௌனம். பொறுத்துக்கொள், அல்போன்சா.' பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் ஊரார் இறைச்சியை விடுவார்கள், சுருட்டை விடுவார்கள். என் புருஷன் பேச்சை விட்டிருக்கிறார். எல்லாம் அடையாற்றுப் படிப்பு. அங்கே கல்யாணராமன் என்று ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர். ஞாயிறு சாயங்காலம் தன் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பத்துப் பதினைந்து பேரைக் கண்ணை மூடி உட்கார வைக்கிறார். உள்ளே ஒளி தெரியுமாம். எந்த வேதக்காரரும் வரலாமாம். நவம்பரிலிருந்து இவர் ஒரு வாரம் தவறியதில்லை.

இங்கே அரிசி முழுக்கப் புழு. ரேஷன் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றவள் நான். ஒளி யாருக்குத் தெரிய வேண்டும்?

பிப்ரவரி 27, ஞாயிறு

கோவிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது, என் பாவம் கோபம் என்றேன். யார் மேல் என்று சுவாமியார் கேட்டார், சொன்னேன். "மௌனம் நல்ல தபசுதானே அம்மா" என்றார். மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். முதல் மந்திரம் முடிவதற்குள் சுவாமியார் மேலும் கோபம் வந்துவிட்டது. அதற்கு எங்கே போய்ச் சங்கீர்த்தனம் பண்ணுவது?

மார்ச் 6, திங்கள்

நேற்று நடந்ததை எழுதினால்தான் ஆறும்.

மந்தைவெளியிலிருந்து பவுல்சாமி வந்தார், தன் அக்காள் மர்சலினோடு. எங்கள் மகள் ஃப்ளோராவை அவர் மகனுக்குக் கேட்டு ஆறு மாதமாகப் பேச்சு. பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. ஆனால் இப்போதே வாக்குக் கொடுத்துவிட்டால் பாஸ்கு கழிந்ததும் கோவிலில் கல்யாண ஓலை படித்து அறிவித்துவிடலாம். வாக்கு என்றால் எங்கள் குடும்பங்களில் ஒரே முறைதான்: பெண்ணின் தகப்பன் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் முன் நின்று, 'என் மகளைக் கொடுத்தேன்' என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

இவர் எழுந்தார். நின்றார். சிலேட்டில் 'சம்மதம்' என்று எழுதித் திருப்பிக் காட்டினார்.

மர்சலின் முகம் கறுத்துவிட்டது. "இன்னாம்மா இது? பொண்ணக் குடுக்கிற மனுசன் பலகையக் காட்டினா நாங்க இன்னான்னு எடுத்துக்கிறது?"

"தொண்டையில எதுனா கோளாறுன்னா சொல்லுங்க, காத்துக்கினு இருக்கோம்" என்றார் பவுல்சாமி. நல்ல மனிதர். விரதம் என்று நான் முனகினேன். அதைக் கேட்டதும் அவரும் எழுந்துவிட்டார். "பாஸ்கு எட்டாம் நாளுக்குள்ள வாயால சொன்னா சரி. இல்லாங்காட்டி பையனுக்கு வேற எடம் பாக்கறோம்."

கொண்டுவந்த வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃப்ளோரா அழவில்லை. சிலேட்டை ஈரத்துணியால் துடைத்து ஆணியில் மாட்டினாள். அதற்கு அழுதிருக்கலாம்.

மகன் சிங்கப்பூரில் காணாமல் போய் இரண்டு வருஷம். மிச்சம் இருப்பது இந்தப் பெண் ஒருத்தி. அவள் வாழ்க்கையும் இந்த மனிதரின் மோட்சத்துக்கு விறகா?

மார்ச் 7

நானும் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

மார்ச் 11, சனி

மயிலாப்பூர் மார்க்கெட்டில் இவர் ஆபீஸ் பியூன் பீர் முஹம்மது எதிரே வந்தான். அய்யாவுக்கு ஆபீசில் வேலை எப்படி நடக்கிறது, எல்லாம் எழுதித்தான் காட்டுகிறாரா என்று கேட்டேன். அவன் விழித்தான்.

"எழுதியா? இன்னாத்துக்கும்மா? நல்லா பேசிக்கினுதானே கீறாரு. நேத்து என்னியகூட ஒரு டோஸ் வுட்டாரு."

கையிலிருந்த கத்திரிக்காய்ப் பையை அப்படியே அங்கே போட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது. ஆபீசில் பேச்சு, வீட்டில் மௌனம். பியூனுக்குக் கிடைக்கிற வார்த்தை பெண்டாட்டிக்குக் கிடையாது, பெற்ற பெண்ணுக்குக் கிடையாது. இது எந்த வேதத்தில் இருக்கிறது?

நாளைக்கு அடையாறு போகிறேன். அந்த இன்ஜினீயரை விடுவதாக இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

காலையிலேயே போனேன். மௌனத்தைப் பற்றிக் கல்யாணராமன் முக்கால் மணி நேரம் பேசினார். மூச்சு விட இடம் கிடைத்தபோது நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நடப்பதைக் கொட்டினேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"நான் எங்கேம்மா நாப்பது நாள்னேன்? தினம் அரை மணி பேசாம உக்காருங்கோன்னுதான் எல்லாருக்கும் சொல்றது. நாப்பதுங்கறது அவரா எடுத்துண்டது."

பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். "மொத நாள் வந்தப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டார். சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்க முடியுமான்னு. முடியாது, இனிமே சொல்லாம இருக்கலாம்னேன். அது இப்படிப் போய் முடியும்னு நெனைக்கலே."

எந்த வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறாமல் பாலம் வழியாக வெயிலில் நடந்தே வந்தேன்.

மார்ச் 13

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

1941-ல் மகன் வால்டர் பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று நின்றபோது இவர் சொன்னது, "போ. போய்ச் செத்துத் தொலை." பையன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வருஷம் தந்தி வந்தது: காணவில்லை. அதிலிருந்து அவன் பெயரை இந்த வீட்டில் நாங்கள் இருவரும் சொல்வதில்லை.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இவர் வழக்கத்தைவிட ஒரு மெழுகுவர்த்தி அதிகம் வாங்கி வந்தார். யாருக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. என் பிள்ளையை இவர் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார் என்று எனக்கு வெறி பிடித்தது. சொன்னேன்: "அவனைக் கொன்றது உங்கள் வாய்தான்."

அந்த ஞாயிறுதான் இவர் முதல் தடவை அடையாறு போனார். இத்தனை நாள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 14

கேட்டேன். ஆபீசில் ஏன், வீட்டில் ஏன் இல்லை என்று. சிலேட்டில் எழுதினார்: 'அங்கே என் வாயால் யாருக்கும் கெடுதல் வராது. என் பிள்ளைகளுக்கு வரும். ஃப்ளோராவுக்கு இந்த வாயால் எதுவும் சொல்ல மாட்டேன்.'

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதையாவது இந்த மனிதர் காதில் போட்டுக்கொண்டதுண்டா? கூரை ஒழுகுகிறது என்று நாலு மழைக்காலம் சொன்னேன். சொன்னதிலேயே கொடியதை மட்டும் பொறுக்கி எடுத்து வேதவாக்காக வைத்துக்கொண்டார்.

மார்ச் 24, வெள்ளி

யாரும் வீட்டில் இல்லாதபோது அரை மணி உட்கார்ந்து பார்த்தேன், அப்படி என்னதான் தெரிகிறது என்று. ஒளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அதை விரட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வால்டர் பெட்டியோடு இறங்கிப் போனபோது நானும் அங்கேதான் நின்றேன். "போகாதே" என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. பசித்தால் திரும்பி வருவான் என்று உலையில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டேன். இரண்டு வருஷமாக இவர்மேல் எரிந்து விழுந்ததெல்லாம் இதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானா?

இதற்குப் பெயர் ஞானம் என்றால் எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 9, பாஸ்கு

பூசை முடிந்து வந்தோம். நாற்பது நாள் முடிந்தது. பேசவில்லை. சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதைப் பிடுங்கினேன். "நான் சொன்னது பொய். அவனைக் கொன்றது உங்கள் வாய் இல்லை. நானும்தானே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்" என்றேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஐந்து மாதம் இதை விழுங்கிக்கொண்டிருந்து சொல்லியிருக்கிறேன். ஒரு 'ம்' போடக் கூடாதா?

ஏப்ரல் 16, ஞாயிறு

எட்டாம் நாள். நானே மந்தைவெளிக்குப் போய்க் கெஞ்சி அழைத்து வந்தேன். பேசுவாரா என்று எனக்கே தெரியாது. கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

சுரூபத்தின் முன் நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மர்சலின் தொண்டையைக் கனைத்தாள். இவர் திரும்பி என்னைப் பார்த்தார், அனுமதி கேட்பது மாதிரி. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"என் மகளக் குடுத்தேன்." பிறகு யாரும் கேட்காமலே, "நல்லா இருப்பா" என்றார். ஃப்ளோரா அப்போதுதான் அழுதாள்.

ஜூன் 20, செவ்வாய்

ஃப்ளோரா மந்தைவெளி போய் ஒரு மாதம் ஆகிறது. இவர் இப்போது ஓயாமல் பேசுகிறார். சாயங்காலம் அரை மணி கதவைச் சாத்திக்கொண்டு நான் உட்காருகிறேன். வெளியே நின்று, நல்லெண்ணெய் எங்கே என்கிறார். கோபம் வருகிறது. வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வால்டருக்கு வால் துண்டுதான் பிடிக்கும்" என்றார்.

"ஆமா, முறுகலா இருக்கணும்" என்றேன். வால் துண்டை இன்னும் கொஞ்ச நேரம் கல்லில் விட்டேன்.