குட்டி லிவர்

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ஜீப்பை நானே கண்மாய்க் கரை மேல் ஏற்றினேன். ரோட்டில் ஓட்டுவது ஆறு மாதமாகப் பழக்கம்தான். ஆனால் மழை விழுந்துவிட்டால் அலங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கொய்யாத் தோட்டத்துக்கு அந்தச் சேற்று மேட்டில்தான் ஏறிப் போகவேண்டும். அதற்கு 'லோ' போடத் தெரியவேண்டும். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிஃப்ட். பழப் பெட்டிகளை இனி நான்தான் கொண்டுவர வேண்டும்.

பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லிவர். மேலே ஹை, நடுவில் நியூட்ரல், கீழே லோ. வண்டியை முழுசாக நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, நடுவில் தங்காமல் கீழே இழுக்கவேண்டும். விழுந்தால் 'கடக்'கென்று கேட்கும். அப்புறம் வண்டி ஆமை மாதிரி போகும், ஆனால் எந்தச் சேற்றுக்கும் அசராது.

நாலாவது தடவைதான் விழுந்தது. "அப்பிடித்தான் ஜோதி" என்றார். சொல்லிவிட்டு, நான் போட்ட ஹேண்ட்பிரேக்கை அவர் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வீட்டிலும் இப்படித்தான். நான் மூடிய கேஸைத் திரும்பப் போய் மூடுவார். பதினேழு வருடம் ஆயிற்று, சிரித்துக்கொள்வேன்.

அக்டோபர் 18, சனி

தனியாக, லோவில், பன்னிரண்டு பெட்டி. ஒரு இடத்திலும் சிக்கவில்லை. நானா!

அக்டோபர் 26, ஞாயிறு

அருள் காலில் ஜீப் ஏறிவிட்டது. எழுத முடியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

அருள்பாண்டி, அவருடைய தம்பி. அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே என்று எங்களுக்கு உதவத்தான் வந்தான். பின்னாலேயே பைக்கில் வந்தான்.

பக்கத்து சீட்டில் அவர், பின்னால் உரமூட்டை, கரை மேல் ஏறினேன். மேட்டிலேயே நிறுத்தி, முதல் கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வேலிப்படலைத் திறக்கப் போனேன். சற்றுக் கழித்து அவரும் போன் பேசிக்கொண்டே இறங்கினார். எங்கள் ஹேண்ட்பிரேக் லேசாகத்தான் பிடிக்கும். அதனால்தான் எப்போதும் கியரில் விடுவது. அருள் பின்கதவைத் திறந்து முதல் மூட்டையை இழுத்தான். வண்டி ஆடியது. பிறகு உருண்டது. ஒரு சத்தமும் இல்லை. இன்ஜின் ஓடாத வண்டி தானாகப் பின்னால் போகிறது, நான் படலைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

"மதினீ"ன்னு ஒரே ஒரு தடவை கத்துனான்.

கியரில் நின்ற வண்டி எப்படி உருளும்? எப்படி?

அக்டோபர் 28, செவ்வாய்

வலது கால், இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்ட ஆறு மாதமாவது ஆகுமாம்.

வண்டியைப் பார்த்துவிட்டு மெக்கானிக் சோணைமுத்து ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார்: "குட்டி லிவரு நியூட்ரல்ல நிக்கிது. அது நடுவுல நின்னுச்சுன்னா, நீங்க எந்தக் கியர்ல விட்டாலும் சக்கரத்துக்குப் பிடிமானம் கெடையாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அருளின் மனைவி சத்யப்ரியா எழுந்து போய்விட்டாள்.

நான் சரியாகப் போடவில்லையா? கடக் கேட்டதே. கேட்டதா? அன்றைக்குக் கேட்டதா, முந்தின வாரம் கேட்டதா?

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எம்புட்டுப் பெரிய மனசு இந்த மனுஷனுக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

கொழம்பு கொண்டுபோனேன். சத்யப்ரியா தூக்குச்சட்டியை வாங்கவில்லை. "ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த ஆசை?" என்றாள். ஜீப் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். பெட்டிகள் லோடு ஆட்டோவில் போகின்றன.

நவம்பர் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அருளைப் பார்க்கப் போனோம். சத்யப்ரியா கடைக்குப் போயிருந்தாள், அவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். அருள் மெதுவாகக் கேட்டான்.

"மதினி, நாலு வாரமா மல்லாந்து படுத்து இதத்தான் யோசிக்கிறேன். லிவரு நியூட்ரல்ல இருந்துச்சுன்னா வண்டி மேட்டுல எப்பிடி ஏறுச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"நியூட்ரல்ல இன்ஜினு சக்கரத்தச் சுத்த வைக்காதுல்ல மதினி. நீங்க ஏறி வந்தத நான் பின்னாலயே பாத்துக்கிட்டு வந்தேன். ஏறுறப்ப லோவுலதான் இருந்துருக்கு. நின்ன பெறகுதான் யாரோ மாத்திருக்காக."

வண்டியில் இருந்தது இரண்டே பேர். நான் படலைத் திறக்க இறங்கினேன்.

வாசலில் அவர் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. அருள் என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணேகிட்ட நான் கேக்க மாட்டேன்" என்றான்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் பால் காய்ச்சி கேஸை மூடினேன். அவர் வந்தார். திரும்ப ஒரு தடவை மூடினார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெரியாமல் செய்தாரா? தெரியாமல்தான் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே! அதைப் போய்ப் பெரிய மனசு என்று எழுதி வைத்திருக்கிறேன். கூசுகிறது. அடிப்பதைவிட மோசம் இது. ஒரு மாசமா என்னைய நானே கொலைகாரி மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன், பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னாரே.

நவம்பர் 30, ஞாயிறு

சாவியைக் கேட்டேன். "வேணாம் ஜோதி" என்றார். கையை நீட்டியபடியே நின்றேன். கொடுத்தார்.

கரைக்குப் போனோம். நிறுத்தினேன், கிளட்ச், குட்டி லிவர் கீழே. கடக். ஏறினேன். அதே இடம். முதல் கியர், ஹேண்ட்பிரேக், சாவி. இறங்கி வண்டிக்குப் பின்னால், அருள் நின்ற இடத்தில் போய் நின்றேன்.

அவர் கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடி வந்தார். "நவுறு! பின்னாடி நிக்காத!"

"ஏன்? லோவுலதான இருக்கு. கியர்லதான இருக்கு. இன்னைக்கு நீங்க எதையும் தொட்டீங்களா?"

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"லோவுலயே ஓட்டுனா டீசல் குடிக்குமேன்னு... ஹைக்குத்தான் தள்ளுனேன் ஜோதி. போன் வந்துச்சு. முழுசாத் தள்ளிட்டேன்னுதான் நெனச்சேன்."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"சோணைமுத்து சொன்னப்பவே."

இதை எதிர்பார்த்துத்தான் வந்தேன். "ஏங்க சொல்லல?" என்றேன். "எல்லாரும் ஒன்னையத்தான பாத்தாக" என்றார். அவ்வளவுதான் அவரிடம் இருந்த பதில். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அதனால் அவரும் விட்டுவிட்டார்.

ஏறச் சொன்னேன். லோவிலேயே இறக்கத்தில் இறங்கினேன், பிரேக்கே தேவைப்படவில்லை. வீட்டுக்குத் திரும்பாமல் நேராக அவனியாபுரம் விட்டேன். சத்யப்ரியா முன்னால் அவரே சொன்னார். நான் உள்ளே போகவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் கத்துவது தெருவரை கேட்டது.

டிசம்பர் 3, புதன்

அவரோடு பேச முடியவில்லை. சோறு மட்டும் போடுகிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சத்யப்ரியா போன் செய்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நாளைக்கு அவருக்கு எக்ஸ்ரே எடுக்கணும்க்கா. ஆட்டோல கால நீட்ட முடியல. ஜீப்புல கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

"யாரு ஓட்டணும்?"

"நீங்கதான்க்கா."

நேற்றுப் போய்வந்தோம். அருள் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டான். சத்யப்ரியாவும் அவரும் பின்னால். ஆஸ்பத்திரி வாசலில் சரிவு. நிறுத்தி, கியரில் விட்டு, சக்கர நாற்காலி கேட்கலாம் என்று கதவைத் திறந்தேன். அருள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

"மதினி, நல்லாப் பாத்துக்கங்க. நான் எதையும் தொடல."

ஆறு வாரத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். சத்யப்ரியாவும் சிரித்துவிட்டாள். பின் சீட்டில் அவர் மட்டும் தன் இரண்டு கையையும் மடிக்குள் வைத்து, நான் இறங்கச் சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.